கி.மு. 580: கூட்டல் கழித்தல் எங்கே?

தல்லாகுளத்தான்:
போன ஞாயிறு மகளைக் கூட்டிக்கொண்டு கீழடி அருங்காட்சியகம் போனேன். நல்ல கட்டடம், நல்ல ஏற்பாடு. திரும்பும்போது பஸ்ஸில் மகள் கேட்டாள்: "அப்பா, கி.மு. 580ன்னா சரியா 580ஆ?" பதில் சொல்ல முடியவில்லை. கீழடியின் காலம் என்று மேடையில், பேப்பரில், வாட்ஸப்பில் எல்லாரும் கி.மு. 580 என்கிறார்கள். கூட்டல் கழித்தல் எத்தனை வருடம் என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. நான் இருபது வருடமாக இயற்பியல் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். ஊசலின் அலைவுநேரத்தைப் பிழை வரம்பு போடாமல் எழுதி வந்தால் ரெக்கார்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

என் கட்சி இதுதான். பிழை எவ்வளவு என்று சொல்லத் தெரிந்தவன்தான் அளக்கிறான். இயற்பியலும் வேதியியலும் அதைச் செய்கின்றன. தொல்லியல் பாதி செய்கிறது. வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதும் சமூக ஆய்வு, கேட்ட கதைக்கு எண் ஒட்டுகிறது. அடிக்க வருகிறவர்கள் வரலாம்.

குழிக்காரன்:
வந்துட்டேன் சார். சில வருடம் அகழாய்வுக் குழிகளில் வேலை பார்த்தவன்.

முதலில் ஒரு திருத்தம். அந்த 580-ஐக் கொடுத்தது உங்கள் இயற்பியல்தான். மாநிலத் தொல்லியல் துறையின் 2019 அறிக்கைக்காக ஆறு கரி மாதிரிகள் அமெரிக்காவில் புளோரிடாவிலுள்ள பீட்டா ஆய்வகத்துக்குப் போயின. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்தது கி.மு. 580 என்று வந்தது, 200 செ.மீ. ஆழத்தில் எடுத்தது கி.மு. 205. உயிர் போனபின் காலம் போகப் போகக் குறைந்துகொண்டே வரும் கார்பன்-14 அணுக்களை, துகள் முடுக்கியில் வைத்து எண்ணிச் சொன்ன வயது அது. எங்கள் பக்கத்து அளவு 353.

அந்த 353-ஐச் சும்மா நினைக்காதீர்கள். டேப்பை விட்டு அளப்பது சுலபம், மண்ணைப் படிப்பதுதான் வேலை. எவனோ ஒருவன் அந்தக் காலத்தில் உறைகிணறு தோண்டியிருப்பான். கீழே கிடந்த பழைய மண் மேலே வந்திருக்கும், மேலே கிடந்த ஓடு உள்ளே விழுந்திருக்கும். எலி வளை தனிக் கதை. குழிகளுக்கு நடுவே விடும் மண் சுவரில் நிறம் எங்கே மாறுகிறது என்று தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பார்ப்போம். கரிக்கும் அதன் பக்கத்தில் கிடந்த பானை ஓட்டுக்கும் ஒரே காலம் என்று அந்தச் சுவர்தான் சொல்ல வேண்டும். ஆய்வகம் சொல்லாது.

தல்லாகுளத்தான்:
நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள். அணுவை எண்ணுவதில் முப்பது வருடம் போலப் பிழை வரும், அதைத் தாளில் எழுதிவிடுவார்கள். எலி வளைக்கு எத்தனை வருடம் பிழை போடுவீர்கள்?

குழிக்காரன்:
எலியை விடுங்கள் சார், உங்கள் எண்ணிக்கைக்கே வருவோம். கார்பன் வயதை நாட்காட்டி வயதாக மாற்ற ஒரு வளைகோடு தேவை. மர வளையங்களை ஒவ்வொன்றாக எண்ணி, எந்த வருடத்து மரத்தில் கார்பன்-14 எவ்வளவு என்று பார்த்துப் போட்ட கோடு. அது கி.மு. 800-லிருந்து 400 வரை ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கிறது. அந்தத் தட்டைப் பகுதியை ஹால்ஸ்டாட் மேடை என்பார்கள். அந்த நானூறு வருடத்தில் காற்றிலிருந்த கார்பன்-14 குறைந்துகொண்டே வந்தது. முந்திப் பிறந்த மரம் அதிகமாக வாங்கி அதிக காலம் இழந்தது, பிந்திப் பிறந்த மரம் குறைவாக வாங்கிக் குறைந்த காலம் இழந்தது. இன்றைக்கு இரண்டையும் அளந்தால் ஒரே வயது காட்டும். உங்கள் 580 அந்தத் தட்டைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆய்வகத்தில் முப்பது வருடமாக இருந்த பிழை, நாட்காட்டியில் இறங்கும்போது இருநூறு முந்நூறு வருடமாகப் பரந்துவிடும். ஆய்வகம் அனுப்பும் தாளில் அந்த வரம்பு இருக்கும். மேடை மைக்குக்கு வரும்போது உதிர்ந்துபோகும்.

அந்தத் தட்டைக்குள் எந்தப் பக்கம் என்று சொல்ல எங்கள் மண் அடுக்கும், மேலும் கீழும் எடுத்த மற்ற மாதிரிகளும்தான் வேண்டும். கருவி கைவிட்ட இடத்தில் மண்வெட்டி வருகிறது.

தல்லாகுளத்தான்:
இது எனக்குத் தெரியாது. ஒத்துக்கொள்கிறேன். மகளிடம் "கி.மு. எட்டாம் நூற்றாண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில் எங்கேயோ" என்று சொல்லிவிடுகிறேன். சமூக ஆய்வு பற்றிச் சொன்னதை மாற்றவில்லை.

கணக்கெடுப்பு அக்கா:
எறும்பும் தன் கையால் எண் சாண் என்பார்கள். சார் தன் கையால் முழம் போட்டு எங்களைக் குட்டை என்கிறார்.

உசிலம்பட்டிப் பக்கம் கணக்கெடுப்புக்குப் போனபோது நடந்தது. தாளில் அச்சடித்திருந்த கேள்வி: "நீங்கள் வேலைக்குப் போகிறீர்களா?" ஒரு அம்மா, "இல்லம்மா, வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்றார். சொல்லும்போதே மடியில் மல்லிகை, கையில் நார். மொட்டு வந்ததிலிருந்து பூக்கட்டிக்கொண்டிருக்கிறார், முழத்துக்கு இவ்வளவு என்று கூலி. நான் தாளில் "வேலை இல்லை" என்று டிக் அடிக்க வேண்டும்! மேலே இருந்தவரிடம் சொன்னேன். அச்சடித்தாயிற்று, மாற்ற முடியாது என்றார். எந்த நிறுவனம் என்று சொல்லமாட்டேன், வயிற்றெரிச்சல் மட்டும் மிச்சம். அப்புறம் வேறொரு ஆய்வில் "நேற்று எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?" என்று கேட்டோம். சும்மா இருந்த பெண்கள் எல்லாம் காணாமல் போனார்கள். கேள்வியும் ஒரு கருவிதான் சார். தராசு கோணலாக இருந்தால் தராசைத் திருத்துவீர்கள், எடை போடுவதே பொய் என்று சொல்லமாட்டீர்கள்.

தல்லாகுளத்தான்:
கேள்வியை மாற்றினால் விடை மாறுகிறது. இதைத்தான் கதை என்றேன். இரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள், எப்படிக் கேட்டாலும் ஒரே எண்.

கணக்கெடுப்பு அக்கா:
நல்ல உதாரணம் எடுத்தீர்கள். 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 58.6 சதவீதத்துக்கு இரத்தசோகை. 2016-18 தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் ஒன்று முதல் நான்கு வயதில் 41 சதவீதம். வயது வரம்பு கொஞ்சம் வேறு, சரி. பெரிய வித்தியாசம் என்னவென்றால், முதலாவதில் விரல் நுனியைக் குத்திச் சொட்டு எடுத்தார்கள், இரண்டாவதில் ஊசி போட்டு இரத்த நாளத்திலிருந்து எடுத்தார்கள். சொட்டு வரவில்லை என்று விரலை அமுக்கினால் திசுநீர் கலந்து எண் குறைந்துவிடும். அழுகிற குழந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு அமுக்காமல் எடுத்துப் பாருங்கள், தெரியும். எது சரியான முறை என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. கதையில்லாத எண் இதுதானா?

பழைய மாணவன்:
சார், உங்கள் வகுப்பில் இரண்டு முறை ரெக்கார்டு திருப்பி வாங்கியவன். எந்த இரண்டு பொருளும் ஒன்றையொன்று எவ்வளவு இழுக்கும் என்று சொல்லும் ஈர்ப்பு மாறிலியை (G) மறந்துவிட்டீர்களா? ஒவ்வொரு ஆய்வகமும் தன் பிழை வரம்பைச் சின்னதாகப் போட்டு எண் தருகிறது. அந்த எண்கள் ஒன்றின் வரம்புக்குள் இன்னொன்று அடங்குவதில்லை. கேவண்டிஷ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1798-ல் தொடங்கினது, இன்னும் பஞ்சாயத்து.

தல்லாகுளத்தான்:
யாரப்பா நீ? சரி, உண்மைதான். ஆனால் எங்கள் ஆட்கள் ஒத்துப்போகவில்லை என்பதையே எண்ணாகச் சொல்கிறார்கள்.

சொட்டு மருந்து:
மருத்துவ ஆய்வுகளில் வேலை பார்க்கிறேன், ஒரு வார்த்தை. வயல் வேலையில் கரும்புத் தோகை கீறி, கண்ணில் பூஞ்சைப் புண்ணோடு வருகிறவர்கள் நம் பக்கம் அதிகம். பழைய சொட்டு நாட்டமைசின், புதுச் சொட்டு வோரிகொனசோல். புதுசு நல்லது என்று பல டாக்டர்கள் நினைத்தார்கள். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 பேரைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரிப் பிரித்து, எந்தச் சொட்டு யாருக்கு என்று டாக்டருக்கும் தெரியாமல், நோயாளிக்கும் தெரியாமல் ஊற்றினார்கள். 2013-ல் முடிவு வந்தது. பழசே ஜெயித்தது, பார்வைப் பலகையில் சராசரியாகக் கிட்டத்தட்ட இரண்டு வரி வித்தியாசம்.

இதில் அளந்தது என்ன? மூன்று மாதம் கழித்துப் பலகையைக் காட்டி, "தெரிகிறதா?" என்று கேட்டதைத்தான். எழுத்துத் தெரியாதவர்களுக்கு ஆங்கில 'ஈ' எழுத்தைக் காட்டி, கால்கள் எந்தப் பக்கம் என்று கையால் காட்டச் சொல்வோம். அவர் சொன்னால்தான் உண்டு. முழுக்கக் கேட்டு எழுதியது, தல்லாகுளத்து சார்.

தல்லாகுளத்தான்:
இரண்டு நாள் இந்தப் பக்கம் வரவில்லை. நேற்று அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "வேலை ஏதும் பாக்குறியாம்மா?" என்றேன். "எனக்கென்னடா வேலை, சும்மாதான கெடக்கேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, காலையிலிருந்து என்ன செய்தாய் என்று கேட்டேன். வாசல் தெளித்ததில் ஆரம்பித்து, பால் வாங்கி, பேத்திக்குத் தலை சீவி, மாவு அரைத்து, பக்கத்து வீட்டுக்கு ரேஷன் வாங்கிக் கொடுத்து... பதினொரு நிமிடம் ஓடியது, கடிகாரம் பார்த்தேன்.

ஆனால் ஒரு குறை. முதல் கேள்வி கேட்டதில் அம்மா கொஞ்சம் ரோஷப்பட்டிருக்கலாம், அதனால் இரண்டாவதற்கு நீட்டிச் சொல்லியிருக்கலாம். ஒரே ஆளிடம் இரண்டையும் கேட்டது தப்பு.

கணக்கெடுப்பு அக்கா:
அதனால்தான் சார், பாதிப் பேரிடம் ஒரு கேள்வி, மீதிப் பேரிடம் மற்றது என்று குலுக்கிப் பிரித்துக் கேட்போம். உங்கள் தெருவில் எத்தனை வீடு?

தல்லாகுளத்தான்:
நாற்பத்திரண்டு. போதுமா?