பதில்: 'சோர்ஸ் மார்க்கெட்' - சுற்றுலாத்துறை சொல், தமிழ்ல என்ன வைக்கலாம்?

குழுவினருக்கு வணக்கம்,

> மூலச் சந்தைன்னே வச்சிட்டுப் போகலாமே, எல்லாருக்கும் புரியும்.

ஐயா, புரியாது. மூலச் சந்தைன்னா மூலப்பொருள் விக்கிற எடம்னுதான் முதல்ல தோணும் (மூலம்னதும் கிண்டல் பண்றவங்க வேற வருவாங்க, அத விடுங்க). சுற்றுலாக்காரங்க சோர்ஸ் மார்க்கெட்னு சொல்றது பயணிங்க எங்கேருந்து கெளம்பி வர்றாங்களோ அத. 'பயணியர் அனுப்பும் நாடு'ன்னு இன்னொருத்தர் எழுதியிருந்தார், தெளிவாத்தான் இருக்கு, ஆனா நாடுன்னு அடைச்சிட்டா சிக்கல். இலங்கைய பாருங்க, யாழ்ப்பாணத்து நல்லூர் திருவிழாவுக்கு லண்டன்லேருந்து வர்ற நம்ம ஆளுங்களும் தெற்குல மிரிஸ்ஸ கடற்கரைல வெயில் காய வர்ற வெள்ளைக்காரரும் ஒரே பிரிட்டன் கணக்குல விழுவாங்க, ஆனா வர்ற மாசம் வேற, தங்குற எடம் வேற, விளம்பரம் போடற விதமும் வேற.

சொல்லுக்கு முன்னாடி விஷயத்த பாத்துருவோம், மாலத்தீவ எடுத்துக்குங்க. 2019ல அங்க முதலிடம் சீனா. கொரோனால சீனா கதவ சாத்தினதும் 2021லேருந்து 2023 வரைக்கும் இந்தியா முதலிடம், 2023ல 2 லட்சத்து 9 ஆயிரம் பேர், ரஷ்யா கிட்டத்தட்ட அதே அளவு. 2024 ஜனவரில மோடி லட்சத்தீவு போன போட்டோவ வச்சு சண்டை வந்துச்சுல்ல, மாலத்தீவு துணை அமைச்சருங்க அவரப் பத்தி ஏதோ எழுதப்போய், இந்தியால எல்லாரும் டிக்கெட்ட கேன்சல் பண்ணுங்கன்னு கெளம்பி, அந்த வருஷம் இந்தியக் கணக்கு 1 லட்சத்து 30 ஆயிரம் சுமாருக்கு எறங்கிருச்சு. ஆனா மொத்தக் கணக்க பாத்தா வீழ்ச்சியே தெரியாது! 2023ல 18.8 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, 2024ல 20 லட்சத்த தாண்டிருச்சு, ஏன்னா சீனா திரும்பி வந்துருச்சு. இப்ப 'வருகை குறைந்தது'ன்னு எழுதினாலும் தப்பு, 'அதிகரித்தது'ன்னு மட்டும் எழுதினாலும் பாதி பொய். ஏன்னா ஒவ்வொருத்தர் வர்ற மாசமும் வேற: ஐரோப்பாக்காரங்க குளிருக்கு பயந்து நவம்பர்லேருந்து ஏப்ரல் வரைக்கும் வருவாங்க, சீனாக்காரங்க அவங்க புத்தாண்டு, அக்டோபர் லீவு, நம்மாளுங்க பள்ளிக்கூடம் விட்ட ஏப்ரல் மே. மழைக்காலம் தொடங்கற அந்த மந்தமான மாசத்துல ரூம நிரப்பினது இந்தியாதான், அந்த எடத்த சீனா அப்படியே நிரப்பிடாது. அதனாலதான் சீன அதிபர பாக்கப் போனப்ப இன்னும் ஆள் அனுப்புங்கன்னு கேட்ட அதே மாலத்தீவு அரசாங்கம், சில மாசம் கழிச்சு அமைச்சர டெல்லி, மும்பை, பெங்களூருன்னு அனுப்பி வாங்க வாங்கன்னு கூப்பிட வச்சுது.

ஆக நமக்கு வேணுங்கறது ஒரு சொல் இல்ல, ஒரு குடும்பம். பயணிங்க வர்ற கணக்க 'அரைவல்ஸ்'னு சொல்றாங்களே, அதுக்கு வரத்துன்னு வைக்கலாம்னு நினைக்கிறேன். கோயம்பேட்டுக்கு தக்காளி வரத்து, மேட்டூருக்கு நீர்வரத்துன்னு பேப்பர்ல தினம் வர்ற சொல், கூடறது குறையறது ரெண்டையும் தாங்கும். அது எங்கேருந்து வருதோ அது வரத்துப்புலம். புலம்னா நாடாவும் இருக்கலாம், ஊராவும் இருக்கலாம், புலம்பெயர்ந்தோர்னு சொல்ற மாதிரி ஒரு கூட்டத்தோட எடமாவும் இருக்கலாம். அப்பறம் தானா வளரும் பாருங்க: எந்தெந்தப் புலம் எவ்வளவுங்கறது புலக்கலவை, ஒரே எடத்த நம்பி கெடக்கறது ஒருபுலச் சார்பு, மாலத்தீவுல நடந்தது புலமாற்றம்.

புலப்பரவலாக்கம்னு, அதாவது ஒரே எடத்த நம்பாம பல புலத்துலேருந்து ஆள வரவைக்கறதுன்னு, சொல்றப்ப மட்டும் ஒரு எச்சரிக்கை. எண்ணிக்கைய கூட்டினா போதாது. இலங்கைல 2022 தொடக்கத்துல ரஷ்யாவும் உக்ரைனும் ரெண்டுமே முன்வரிசைல இருந்துச்சு, பேப்பர்ல ரெண்டு புலம், பிப்ரவரில போர் வந்ததும் ரெண்டும் ஒண்ணா போச்சு. போதாததுக்கு ஜூன்ல ரஷ்யக் கம்பெனி ஏரோஃப்ளோட்டோட விமானத்த கொழும்பு பக்கம் கட்டுநாயக்கா விமான நிலையத்துல கோர்ட் உத்தரவுல நிறுத்தி வச்சாங்க, அந்தக் கம்பெனி கொழும்புக்கு பறக்கறதையே நிறுத்தி அக்டோபர்லதான் திரும்பி வந்துச்சு. சேந்து விழற புலங்களுக்கும் ஒரு பேர் வேணும், 'பிணைபுலம்'னு தோணுது, வேற யாருக்காவது நல்லதா தோணினா சொல்லுங்க.

---

அண்ணை, வரத்து எண்டது எனக்கும் பிடிச்சிருக்கு, ஆனா ஆக்களுக்கு வரத்து எண்டு எழுதினா மனுசரை மரக்கறி கணக்கில போட்ட மாதிரிக் கிடக்கு. அறிக்கையில 'பயணியர் வரத்து' எண்டு முழுசா எழுதினா பிழையில்லை. புலம் எண்டா எங்கட பக்கம் நேரா புலம்பெயர் ஆக்களைத்தான் நினைப்பினம், அதால 'வரத்துப்' எண்டதை விட்டுட்டு தனியப் புலம் எண்டு ஒருத்தரும் எழுதாமல் பாத்துக்கொள்ளுங்கோ. பிணைபுலம் சரிவராது, பிணை எண்டதும் கோர்ட்டும் ஜாமீனும்தான் ஞாபகம் வரும். 'இணைபுலம்' எண்டு போடுவமோ?

---

இணைபுலம் நல்லாருக்கு தம்பி, எடுத்துக்கறேன். ஆனா புலக்கலவை, புலமாற்றம்னு வர்றப்ப முன்னாடி வரத்த சேத்தா சொல் ரொம்ப நீளுதே, கட்டுரைல முதல் தடவை மட்டும் முழுசா எழுதிட்டு அப்பறம் சுருக்கிக்கலாமா? மத்தவங்க என்ன சொல்றீங்க? வர்ற ஞாயித்துக்கிழம வரைக்கும் பாத்துட்டு நம்ம சொற்பட்டியல்ல 'முன்மொழிவு'ன்னு ஏத்திடறேன்.