மறு: தைராய்டு 'நாட்யூல்': கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

தைராய்டு பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பிக்குள் தனியாகத் திரண்டு நிற்பதுதான் நாட்யூல். அதற்கு 'முடிச்சு' என்றே எழுதி வந்தேன். ஸ்கேன் பகுதியில் வந்து நின்றுவிட்டது. அங்கே தைராய்டோடு பக்கத்து லிம்ப் நோடுகளையும் பார்க்கிறார்கள். அதுவும் நமக்கு 'நிணநீர் முடிச்சு'தான். எந்த முடிச்சு என்று படிப்பவர் குழம்பமாட்டாரா? 'கட்டி' போட மனமில்லை. கேட்டதுமே புற்றுநோய் என்று பயந்துவிடுகிறார்கள். பெரும்பாலானவை புற்று இல்லை என்று சொல்லத்தானே இந்தக் கையேடே!

மதுரையிலிருந்து

——

> 'கட்டி' போட மனமில்லை

சரியான முடிவு. 'கழலை'யும் ஆகாது, அதை முன்கழுத்துக் கழலை என்று காய்ட்டருக்கு, அதாவது தைராய்டு வீங்குவதற்கு, கொடுத்தாயிற்று. நான் முன்வைப்பது 'காழ்'. "காமத்துக் காழில் கனி" (குறள் 1191) என்ற இடத்தில் அது விதை. "அகக்காழனவே மரமென மொழிப" என்று தொல்காப்பிய மரபியலில் வரும்போது உள்வயிரம், மரத்தின் கெட்டியான உட்பகுதி. சதைக்குள் தனித்துத் திரண்டு நிற்பதைச் சொல்ல வேறு சொல் எதற்கு? சிறுமை வேண்டுமானால் 'குறுங்காழ்'. குறுமையோடு காழ் சேரும்போது இடையில் 'ங்' மிகும்: நன்னூல் 136, இனமிகல்.

தஞ்சையிலிருந்து

——

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் பொருள் தடுக்கிறது. எல்லா நாட்யூலும் கெட்டி இல்லை. சில முழுக்க நீர், சில பஞ்சு போலத் துளைதுளையாக இருக்கும். அந்த இரண்டு வகையிலும் புற்று என்ற சந்தேகம் மிகக் குறைவு. கல் மாதிரி இறுகி, அசையாமல் இருந்தால் எங்களுக்குக் கவலை அதிகம். எல்லாவற்றையும் வயிரம் என்று அழைத்தால் அந்த வேறுபாட்டை எப்படி விளக்குவது? முதலில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். அப்புறம் அளவையும் தோற்றத்தையும் வைத்து, தேவையானவருக்கு மட்டும் ஊசிப் பரிசோதனை. இதை மூச்சு விடாமல் படிக்கிற மாதிரி எழுதுங்கள். லிம்ப் நோடு வீங்கினால் ஊரில் 'நெறி கட்டியிருக்கு' என்பார்களே, அதை ஏன் விட்டோம்?

மருத்துவர், கோவை

——

வணக்கம். எங்கட பள்ளிக்கூடத் தாவரவியலில் அவரையின் வேரில் இருப்பது 'வேர்ச்சிறுகணு'. தைரொயிட்டுக்கும் 'சிறுகணு' பொருந்தும். லத்தீனிலும் நோடு முடிச்சு, நாட்யூல் சின்ன முடிச்சு. டொக்டர் அக்கா சொன்ன நெறி வீங்கின நிலைமை. உறுப்பின் பெயர் அல்ல. வீங்காத நோடையும் ஸ்கேன் காட்டுமே?

யாழ்ப்பாணத்திலிருந்து

——

கணு என்றால் கரும்பிலும் மூங்கிலிலும் இரண்டு பகுதி சேருமிடம். தைராய்டில் அப்படி எது சேர்கிறது? தைராய்டே கிரேக்கத்தில் கேடயம். அதற்கும் மூலம் கதவு என்று பொருள்படும் 'தூரா'. 1656இல் தாமஸ் வார்ட்டன் இட்ட பெயர் அது. நாம் கேடயச் சுரப்பி என்று எழுதியும் ஊர் தைராய்டு என்றே சொல்கிறது. அதனால் புதுச்சொல்லே கூடாது என்றாகுமா? இன்று ஒருவர் கையேட்டில் எழுதினால்தான் நாளை ஒரு தாய் வாயில் வரும்.

தஞ்சையிலிருந்து

——

ஐயா, அந்தத் தாய் இந்த வாரம் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அவருக்காகச் சொல்கிறேன்: முடிச்சு.

மருத்துவர், கோவை

——

இதுவரை எழுதிய நால்வரில் மருத்துவரும் நானும் 'முடிச்சு' பக்கம். எனவே தைராய்டில் இருப்பது முடிச்சு, மற்றது நிணநீர்க்கணு. யாழ்ப்பாண அன்பரின் கணுவை அங்கே எடுத்துக்கொண்டேன். 'வீங்கினால் நெறி கட்டுதல்' என்று ஒரு வரி சேர்க்கிறேன். தஞ்சை ஐயாவின் மறுப்பு மடலில் இருக்கட்டும்.

இன்னொன்று: கதிரியக்க மருந்து கொடுத்து எடுக்கும் ஐசோடோப்பு ஸ்கேனில், அந்த மருந்தை ஏற்காமல் தெரியும் 'கோல்டு நாட்யூல்'. குளிர்ந்த முடிச்சு என்றால் தொட்டுப் பார்த்துக் குளிர்கிறதா என்று தேடுவார்கள். 'மருந்தை ஏற்காத முடிச்சு' போதுமா?

மதுரையிலிருந்து

——

ஏற்காத என்பதைவிட 'ஏலா' சுருக்கம். ஏலா முடிச்சு. காழை நான் கைவிடவில்லை.

தஞ்சையிலிருந்து