ராணுவப் பணி முடித்து மீண்டும் பட்டப்படிப்பு: பழைய கிரெடிட் பற்றி உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ராணுவப் பணிக்காகப் பாதியில் நிறுத்திய படிப்புக்கு மறுசேர்க்கை வாங்குவது ஒரு பக்கம். அதற்குப் பணிவிடுப்புச் சான்றிதழும் (ராணுவத்திலிருந்து விடுவித்ததற்கான சான்று) பழைய மதிப்பெண் பட்டியலும் முதலில் தயாராக இருக்க வேண்டும். இடிப்பது பழைய கிரெடிட்தான், அதாவது முன்பே தேர்ச்சி பெற்ற பாடங்களைப் பட்டத்துக்குக் கணக்கில் சேர்ப்பது. இடையில் பாடத்திட்டம் மாறியிருந்தால், மதிப்பெண் பட்டியலில் உள்ள பாடப்பெயரை மட்டும் வைத்துத் துறையில் ஒப்பிட முடியாது. 'மறுபடி எழுதுங்க' என்று சொல்வதுதான் அவர்களுக்குச் சுலபம். படித்த ஆண்டின் பாடத்திட்ட நகலை அலகு வாரியாக, துறை முத்திரையோடு இணைத்தால்தான் பேச்சே தொடங்கும்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: ஆய்வகப் பாடங்களுக்கும் இப்படிப் பாடத்திட்ட நகல் கொடுப்பது எடுபடுகிறதா? ராணுவத் தொழில்நுட்பப் பயிற்சியைக் கிரெடிட்டாக ஏற்க வைத்தவர்கள், பயிற்சி மணிநேரம், பாடப்பொருள், தேர்வு முடிவு மூன்றையும் ஒரே சான்றில் வாங்கினீர்களா? செமஸ்டர் தொடங்கி இரண்டு மூன்று வாரம் கழித்துப் பணிவிடுப்பு கிடைத்தால், வருகைப்பதிவுக் குறைவுக்கு யாரிடம், எப்போது எழுதிக் கொடுக்க வேண்டும்? சேர்ந்த பிறகு கேட்டால் பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது.