லொக்கேட்டரில் சத்தமே வரவில்லை, அந்த இடத்தில் தோண்டலாமா?

கேள்வி
வணக்கம். தண்ணீர்க் குழாய் போட வீட்டின் பின்பக்கம் இரண்டடி ஆழத்துக்குப் பள்ளம் எடுக்க வேண்டும். மீட்டரிலிருந்து மோட்டார் அறைக்குப் போகும் கேபிளும் அந்தப் பக்கம்தான் புதைந்திருக்கிறது. பழைய வரைபடத்தில் சுவரை ஒட்டி நேர்கோடாகப் போட்டிருக்கிறார்கள். லொக்கேட்டரை (மண்ணுக்குள் கேபிள் இருக்கும் இடத்தைச் சத்தத்தால் காட்டும் கருவி) வாடகைக்கு எடுத்து, பவர் மோடில் வைத்து அந்தக் கோட்டின் மேலேயே நடந்து பார்த்தேன். சத்தமே இல்லை. மோட்டார் அப்போது ஓடவில்லை. கேபிள் அங்கே இல்லை என்று எடுத்துக்கொண்டு நாளை பொக்லைன் விடலாமா?

பதில் 1
வேண்டாம் சார். பவர் மோடு கேபிளைப் பார்ப்பதில்லை, அதில் ஓடும் மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலத்தைத்தான் பிடிக்கிறது. மோட்டார் நின்றிருந்தால் ஓட்டமே இல்லை. ஆனால் வோல்டேஜ் இருக்கலாம், அதுதான் ஆளைக் கொல்லும். லோடு இருந்தாலும் பேஸும் நியூட்ரலும் ஒரே உறைக்குள் போவதால் இரண்டின் புலமும் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துவிடும். சோலார் பேனலிலிருந்து வரும் டிசி வயரை இந்த மோடு காட்டவே காட்டாது.

மோட்டாரை ஓடவிட்டு மறுபடி பாருங்கள். கோட்டின் மேலேயே நடக்காமல் குறுக்காகப் போங்கள். முதலில் ஒரு திசை, அப்புறம் அதற்குச் செங்குத்தாக இன்னொரு திசை. கடையில் கேபிளில் சிக்னல் ஏற்றும் ஜெனரேட்டர் பெட்டி இருந்தால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். மீட்டர் பக்கம் கேபிள் வெளியே தெரிகிற இடத்தில் கிளாம்ப் மாட்டி சிக்னல் ஏற்றினால் மோட்டார் ஓடாமலே தடம் பிடிக்கலாம். வரைபடத்தை நம்பி ஒரு அடிகூடத் தோண்டாதீர்கள். போட்டவர்கள் கல்லோ வேரோ குறுக்கே வந்தால் வளைத்துக்கொண்டு போயிருப்பார்கள், வரைந்தவர் அதைப் பார்த்திருக்க மாட்டார்.

பதில் 2
எதற்கு இவ்வளவு பாடு? மெயினை அணைத்துவிட்டுத் தோண்டினால் ஆயிற்று.

பதில் 1
மெயினுக்குப் பின்னால் உள்ளதுதான் அணையும். வெளியிலிருந்து மீட்டருக்கு வரும் சர்வீஸ் கேபிளில் அப்போதும் மின்சாரம் இருக்கும். அதுவும் மண்ணுக்கடியில் வந்தால்? தடம் பிடித்த பிறகு அணைப்பது நல்லதுதான். ஆனால் டெஸ்டரால் சோதிக்கும் வரை எந்தக் கேபிளையும் செத்தது என்று நினைக்காதீர்கள்.

பதில் 3
தடம் தெரிந்ததும் நேர் மேலே குத்தாதீர்கள். பக்கத்தில் சோதனைக் குழி எடுத்து, மண்ணைப் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டு வாருங்கள். மண்வெட்டி போதும், கடப்பாரை வேண்டாம். எச்சரிக்கை நாடாவோ வரிசையாகச் செங்கல்லோ கண்ணில் பட்டால் கேபிள் அதற்குக் கீழேதான். ஆனால் நாடா இல்லையே என்று தைரியம் கொள்ளாதீர்கள், பல பேர் போடுவதே இல்லை. கேபிளைக் கண்ணால் பார்த்த பிறகு பொக்லைனைத் தள்ளி நிறுத்தி மீதியைத் தோண்டலாம்.

கேட்டவர்
மோட்டாரை ஓடவிட்டுக் குறுக்காகப் பார்த்ததில், வரைபடக் கோட்டிலிருந்து நாலடி தள்ளிச் சத்தம் வந்தது. மெயினை அணைத்துக் கையால் தோண்டினோம், கேபிள் தெரிகிறது. ஆனால் மேலுறை கிழிந்து உள்ளே பாதுகாப்புக்குச் சுற்றிய இரும்புக் கம்பி துருப்பிடித்திருக்கிறது. எப்போதோ யாரோ வெட்டியது போல. டேப் சுற்றி மூடிவிடலாமா?

பதில் 3
மூடாதீர்கள், யாரும் தொடவும் வேண்டாம். அந்தக் கிழிசல் வழியே ஈரம் இறங்கியிருக்கும், ஒருநாள் உள்ளேயே வெடித்துவிடலாம். மோட்டார் லைனின் பியூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். மெகர் என்ற சோதனை மீட்டர் வைத்து இன்சுலேஷனைப் பார்த்துவிட்டு, ஜாயின்ட் போடலாமா கேபிளையே மாற்றணுமா என்று அவர் சொல்லட்டும். அதுவரை குழியைச் சுற்றி அடைப்பு போட்டு வையுங்கள்.