எஸ்போசிதோ: இந்தக் குடும்பப் பெயரின் பூர்வீகம் யாருக்காவது தெரியுமா?

மலர்விழி:
வணக்கம். என் கணவர் வீட்டார் பரம்பரையாக நேப்பிள்ஸ்காரர்கள், குடும்பப் பெயர் எஸ்போசிதோ. மாமனார் ஏதோ ஓர் இணையதளத்தில் பணம் கட்டி, சிங்கம் போட்ட ‘எஸ்போசிதோ குலச்சின்னம்’ வாங்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். பிரபு வம்சம் என்று அதில் எழுதியிருக்கிறது. ஆனால் பெயரைப் பற்றிப் பேச்செடுத்தாலே கணவரின் பாட்டி எழுந்து போய்விடுகிறார். நாளைக்கு என் மகள் கேட்டால் நான் என்ன சொல்வது?

நாடோடி:
குலச்சின்னம் ஒரு குறிப்பிட்ட வம்சத்துக்கு உரியது. அதே பெயர் வைத்திருக்கிற எல்லாருக்கும் அது பொருந்தாது. சிங்கத்தை நம்பாதீர்கள்.

ஏடுதேடி:
சகோதரி, பாட்டியின் மனசு எனக்குப் புரிகிறது. தென் இத்தாலியப் பதிவேடுகளில் பல வருஷமாகப் புழங்குகிறவன் நான். இது கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு வைத்த பெயர்.

நேப்பிள்ஸில் அன்னுன்சியாத்தா மாதா கோயிலை ஒட்டி ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்தது. அதன் சுவரில் ‘ருவோத்தா’ என்று ஒரு மர உருளை. தெருவில் நின்றபடி பிள்ளையை அதில் கிடத்திச் சுழற்றிவிட்டால், உள்ளே இருப்பவர் எடுத்துக்கொள்வார். விட்டுப்போனவர் முகம் யாருக்கும் தெரியாது. 1875இல்தான் அதை மூடினார்கள். இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். மணமாகாத தாய்மார் மட்டுமல்ல, கஞ்சிக்கு வழியில்லாத தம்பதிகளும் அங்கே பிள்ளையை விட்டார்கள். ஊரார் அந்தக் குழந்தைகளை ‘மாதாவின் பிள்ளைகள்’ என்றார்கள். எவ்வளவு பரிவான பேச்சு!

பிறப்பைக் காட்டிக்கொடுக்கும் பெயர்களைக் குழந்தைகளுக்கு வைக்கக் கூடாது என்று நேப்பிள்ஸை ஆண்ட முராத் மன்னர் காலத்தில் (1808–1815) தடை வந்தது. அதற்கு முன்பே பெயர் பெற்றவர்களின் சந்ததிதான் இன்றைய எஸ்போசிதோக்களில் பெரும்பாலோர். மிலானில் கொலம்போ, ஃபிளாரன்ஸில் இன்னொசெந்தி என்ற பெயர்களிலும் இதே கதை உண்டு.

மலர்விழி:
படித்ததும் கண் கலங்கிவிட்டது. அப்படியானால் நேப்பிள்ஸில் இருக்கிற எஸ்போசிதோக்கள் எல்லாரும் உறவா? எங்கள் முன்னோரைத் தேடிக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

ஏடுதேடி:
உறவு இல்லை. ஒவ்வொரு குழந்தையிலிருந்தும் தனி வம்சம் தொடங்கியது.

தேட வழி இருக்கிறது. நேப்பிள்ஸில் அரசுப் பதிவேடு 1809இல் தொடங்குகிறது. ‘அந்தெனாத்தி’ என்ற அரசு ஆவணத் தளத்தில் பெரும்பகுதியை இலவசமாகப் பார்க்கலாம். பிறப்பேட்டை விட்டுவிட்டு முதலில் திருமணக் கோப்பைப் பிடியுங்கள். மாப்பிள்ளை, பெண் இருவரின் பிறப்புச் சான்றும் அதில் இருக்கும். தகப்பன் இறந்திருந்தால் அவருடைய இறப்புச் சான்று, தகப்பன்வழித் தாத்தாவின் இறப்புச் சான்றுகூட வைத்திருப்பார்கள். ஒரே கோப்பில் மூன்று தலைமுறை! 1809க்கு முன் பிறந்தவர் என்றால் ஞானஸ்நான ஏட்டின் நகல் இருக்கும். அதில் பெற்றோர் ‘அறியப்படாதவர்’ என்று வந்தால், அவர்தான் உங்கள் முதல் எஸ்போசிதோ.

நேப்பிள்ஸ் நகர ஏடுகள் பேட்டைவாரியாகப் பிரிந்திருக்கும்: மெர்காத்தோ, விக்காரியா, சான் லொரென்சோ என்று. பாட்டியிடம் பக்குவமாகக் கேட்டு, அவருடைய மாமனார் எந்தப் பேட்டையில், ஏறக்குறைய எந்த வருஷம் கல்யாணம் செய்தார் என்று மட்டும் எழுதுங்கள். அங்கிருந்து பின்னோக்கிப் போக நான் கூட இருந்து உதவுகிறேன்.