ஆர்டர் மாட்யூலைப் பிரிக்க ஈவென்டா, நேரடி அழைப்பா?

தறிநூல்:
எங்கள் ஆர்டர் மாட்யூல் ஸ்டாக், பில், மின்னஞ்சல் மூன்றையும் தானே அழைக்கிறது. இப்போது ரிவார்டு பாயிண்டும் வேண்டுமாம். மறுபடி அதே ஃபங்ஷனில்தான் கை வைக்க வேண்டும். 'ஆர்டர் பதிவானது' என்று ஒரு ஈவென்டை மட்டும் விட்டுவிட்டு, தேவைப்படுகிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும் என்று மாற்றலாமா? எல்லாம் ஒரே நோட் (Node.js) ப்ராசஸில் ஓடுகிறது.

தென்றல்87:
தாராளமாக மாற்றுங்கள். மின்னஞ்சல் என்று ஒன்று இருப்பதே ஆர்டருக்குத் தெரிய வேண்டியதில்லை. நாளை பாயிண்ட் வேண்டாம் என்றால் அந்த லிசனரை (ஈவென்டைக் கேட்டு ஓடும் ஃபங்ஷனை) எடுத்துவிட்டால் போதும், ஆர்டர் கோடு அசையாது. டெஸ்டும் லேசாகும்: நாலு போலி மாட்யூல் கட்ட வேண்டாம், சரியான ஈவென்ட் வந்ததா என்று மட்டும் பார்த்தால் சரி.

கல்தச்சன்:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாட்யூல்களுக்கு இடையிலான பிணைப்பு (coupling) எங்கேயும் போய்விடவில்லை, கண்ணில் படாத இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. இப்போது அந்த ஃபங்ஷனை மேலிருந்து கீழே படித்தால் ஆர்டர் வந்ததும் என்னென்ன நடக்கும் என்று தெரிகிறது. ஈவென்டுக்கு மாறியபின் யார் யார் கேட்கிறார்கள் என்று கோடு முழுக்கத் தேட வேண்டும். அப்புறம், ஸ்டாக் இல்லையென்றால் ஆர்டரையே மறுக்க வேண்டுமே? பதிலுக்குக் காத்திருக்க வேண்டிய இடத்தில் அறிவிப்பு எதற்கு?

தென்றல்87:
ஸ்டாக்கைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி, அது நேரடி அழைப்பாகவே இருக்கட்டும். மற்றதில் விடமாட்டேன். 1974-இல் ஸ்டீவன்ஸ், மையர்ஸ், கான்ஸ்டன்டைன் மூவரும் பிணைப்பைப் பற்றி எழுதியபோதே, ஒரு மாட்யூல் இன்னொன்றை எவ்வளவு சார்ந்திருக்கிறது என்பதைத்தான் அளவாக வைத்தார்கள். இங்கே மின்னஞ்சலுக்கு ஆர்டரின் ஈவென்ட் தெரியும், ஆர்டருக்கு மின்னஞ்சல் தெரியாது. சார்பு ஒரு பக்கமாகிவிட்டது. அது சின்ன லாபமில்லை.

அலைவரிசை:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். நோடில் ஈவென்டை அனுப்ப உதவும் ஈவென்ட்எமிட்டரில் எமிட் செய்தால் லிசனர்கள் பதிவான வரிசையில், அதே கால் ஸ்டாக்கில் (எமிட் செய்த ஃபங்ஷனின் அழைப்புத் தொடரிலேயே), ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். மின்னஞ்சல் லிசனர் எரர் வீசினால் அடுத்து நிற்கும் பாயிண்ட் லிசனர் ஓடவே ஓடாது. எரர் நேராக ஆர்டர் ஃபங்ஷனுக்கே திரும்பி வரும். லிசனரை அசிங்க் ஆக்கினால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அப்போது எரர் ப்ராமிஸ் ரிஜெக்‌ஷனாக மாறும்; யாரும் பிடிக்காத ப்ராமிஸ் ரிஜெக்‌ஷன் வந்தால் நோட் 15 முதல் ப்ராசஸே நின்றுவிடும், அதைக் கவனிக்கத் தனியாக ஏற்பாடு செய்திருந்தால் ஒழிய. பெயர் அளவில் பிரித்தாயிற்று, கோளாறு இன்னும் ஒன்றாகவே பரவுகிறது.

தென்றல்87:
அதற்குத்தான் வெளியே ஒரு க்யூ, செய்திகளை வாங்கி வைத்துக் கேட்பவர்களுக்குக் கொடுக்கும் தனி சர்வர். காஃப்கா மாதிரி.

கல்தச்சன்:
இதைத்தான் எதிர்பார்த்தேன். ஒரு ஃபங்ஷனைச் சுத்தம் செய்யக் கிளம்பி காஃப்காவில் வந்து நிற்கிறோம். க்யூ வந்தால் அதே ஈவென்ட் இரண்டு முறை வரலாம். பாயிண்ட் இரண்டு முறை ஏறாமல் இருக்க, ஈவென்ட் ஐடியைக் குறித்துவைத்துப் பார்க்க வேண்டும். காஃப்காவில் வரிசை ஒரு பார்ட்டிஷனுக்குள் (செய்திகளைப் பிரித்து வைக்கும் ஒரு பகுதிக்குள்) மட்டும்தான் உறுதி. 'ரத்தானது' என்பது 'பதிவானது' என்பதை முந்தக் கூடாதென்றால் ஒரே ஆர்டரின் செய்திகள் ஒரே பார்ட்டிஷனுக்குப் போக ஆர்டர் எண்ணையே கீயாக வைக்க வேண்டும். டேட்டாபேஸில் ஆர்டர் கமிட் ஆனபின் (உறுதியாகப் பதிவானபின்), ஈவென்ட் கிளம்புமுன், ப்ராசஸ் செத்தால் ஆர்டர் இருக்கும், செய்தி இருக்காது.

அலைவரிசை:
கடைசிப் பிரச்சினைக்கு அவுட்பாக்ஸ் போதும். ஆர்டரை எழுதும் அதே ட்ரான்சாக்‌ஷனில் ஈவென்டையும் ஒரு டேபிளில் எழுதுங்கள். தனி வேலையாள் ஒன்று அதை எடுத்து அனுப்பட்டும். இந்த அளவுக்குக் காஃப்கா தேவையே இல்லை. ஆனால் ஐடி பார்ப்பதை விடாதீர்கள், அனுப்பிவிட்டுக் குறிக்குமுன் வேலையாள் செத்தாலும் இரண்டாம் முறை வரும்.

தறிநூல்:
நல்லது. ஸ்டாக் நேரடி அழைப்பு. மின்னஞ்சலும் பாயிண்டும் அவுட்பாக்ஸ் வழியே. பில்லை எந்தப் பக்கம் வைப்பது? பில் எண்ணை உடனே திரையில் காட்டுகிறோம்.

கல்தச்சன்:
அப்படியானால் நேரடி அழைப்புதான்.

தென்றல்87:
ஆர்டர் எண்ணைக் காட்டினால் போதாதா? பில் சர்வீஸ் படுத்தால் ஆர்டரும் படுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. உடனே பில் எண் கட்டாயமா என்று கணக்குப் பிரிவைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.