மறு: ஓட்டுநர் எழுந்தால் பிளேடை நிறுத்தும் அமைப்பு – என்ன சொல் வைக்கலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

புல்வெட்டி வண்டிக் கையேட்டுக்கான சொற்களில் பெரும்பாலானவை முடிந்துவிட்டன. உட்கார்ந்து ஓட்டும் வகைக்கு 'ஓட்டு புல்வெட்டி' எனக்குச் சம்மதம். பிளக், பெல்ட், பிளேடு மூன்றையும் அப்படியே விட்டுவிடலாம், பழுது பார்ப்பவர்கள் வாயில் அவைதான் புழங்குகின்றன. வண்டி புரண்டால் ஓட்டுநரைக் காக்கும் வளைவுக்குக் 'கவிழ்காப்பு' பொருத்தம். இழுபறி ஒன்றில்தான்: பிளேடு சுற்றிக்கொண்டிருக்கும்போது ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்தால் இஞ்சினையும் பிளேடையும் நிறுத்துகிறதே, அந்த அமைப்பு.

> 'இருக்கை ஆளி' போதுமே. சின்னச் சொல், தெளிவாகவும் இருக்கிறது.

சுவிட்சுக்கு 'ஆளி' நல்ல சொல்தான். இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்களுக்கு இயல்பாகவே வரும். ஆனால் 'இருக்கை ஆளி' என்றால் அது எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது, எதற்காக இருக்கிறது என்பது தெரியவில்லை. இந்த அமைப்பைப் பொறுத்தவரை அதுதான் முக்கியம். மேடுபள்ளமான தரையில் இருக்கை குதிக்கும்போது இஞ்சின் அணைந்து அணைந்து போகும். எரிச்சலில் சிலர் இருக்கைக்கு அடியில் உள்ள இணைப்பைக் கழற்றி, துண்டுக் கம்பியால் இரு முனைகளையும் சேர்த்துவிடுகிறார்கள். அப்புறம் வண்டி நிற்காமல் ஓடும். ஓட்டுநர் தூக்கி எறியப்பட்டாலும் ஓடும். உண்மையில் பார்க்க வேண்டியது இருக்கை ஸ்பிரிங்கையும், துருவேறிய இணைப்பையும், தேய்ந்த ஆளியையும். பெயரிலேயே வேலை தெரிந்தால், கம்பியைச் சுற்றுகிற கை கொஞ்சமாவது தயங்கும் என்று நம்புகிறேன்.

'ஆளில்லா நிறுத்தி' வேண்டாம். ஆளில்லா விமானம் வந்த பிறகு அந்த அடைமொழி தானியங்கி வண்டியைத்தான் நினைவூட்டுகிறது. ஓட்டுநர் கையை எடுத்தால் ரயிலை நிறுத்தும் பிடியின் பழைய பெயரை மொழிபெயர்த்த 'இறந்தோன் பிடி'யும் வேண்டாம். இங்கே யாரும் இறக்கத் தேவையில்லை, எழுந்தாலே போதும்.

என் முன்மொழிவு: எழுநிறுத்தி.

வினைத்தொகையாகப் பிரித்தால் 'எழுகின்ற நிறுத்தி' ஆகிவிடாதா என்று கேட்பீர்கள். குடிநீரில் குடிப்பது நீரா? சுடுகாட்டில் சுடுவது காடா? வினைத்தொகை இவ்வளவு நெகிழ்வைத் தாங்கும். இன்னொரு வசதியும் உண்டு. தள்ளிக்கொண்டு நடக்கும் புல்வெட்டியில் கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்கும் கம்பியை விட்டால் பிளேடு நிற்கும். அதை 'விடுநிறுத்தி' என்றால் இரண்டும் உடன்பிறப்புகளாக நிற்கும்.

> எழுந்த உடனே பிளேடு நின்றுவிடும் என்று நம்பி அதற்குள் கையை விட்டுவிட மாட்டார்களா?

இதுதான் வலுவான மறுப்பு. பிளேடு உடனே நிற்காது. ஓட்டு புல்வெட்டிக்கான அமெரிக்கத் தரநிலை பி71.1 அதற்கு 5 நொடி வரை இடம் தருகிறது. தள்ளு புல்வெட்டிக்கு அங்கே 1982 முதல் உள்ள விதி 3 நொடி. பிளேடு முனை மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் சுற்றக்கூடியது என்பதால் 5 நொடி மிக நீண்ட நேரம். ஆனால் இந்த எச்சரிக்கையைப் பெயருக்குள் திணிக்க முடியாது, வாக்கியத்தில்தான் வைக்க வேண்டும். இப்படி எழுதிப் பார்த்தேன்:

"இறங்கும் முன் பிளேடின் இயக்கத்தைத் துண்டித்து, நிறுத்து பிரேக் போட்டு, இஞ்சினை அணைத்துச் சாவியை எடுக்கவும். பிளேடு முழுதாக நிற்கும்வரை இருக்கையிலேயே இருக்கவும். வண்டியை நிறுத்த எழுநிறுத்தியை நம்ப வேண்டாம். அது தவறு நேரும்போது காக்க மட்டுமே."

சோதனைப் பகுதிக்கு:

"சமதரையில், அருகில் யாரும் இல்லாதபோது, பிளேடை ஓடவிட்டு இருக்கையிலிருந்து சற்றே உடலைத் தூக்கவும், இறங்க வேண்டாம். இஞ்சின் அணையாவிட்டால் எழுநிறுத்தி பழுது. சரிசெய்யும்வரை வண்டியை ஓட்டக் கூடாது."

இந்த இடங்களில் 'இருக்கை ஆளி'யை வைத்து வாசித்துப் பாருங்கள், கடைசி வரியின் அழுத்தம் குறைந்துவிடுகிறது. அந்தச் சின்ன உறுப்பை மட்டும் குறிக்கும்போது, உதாரணமாக உதிரிபாகப் பட்டியலில், 'இருக்கை ஆளி' தாராளமாக இருக்கட்டும். முழு அமைப்புக்கு எழுநிறுத்தி.

மறுப்பு இல்லையென்றால் அடுத்து, பின்னோக்கிச் செல்லும்போது பிளேடை நிறுத்தும் அமைப்பு. பின்னால் குழந்தை நிற்பது தெரியாமல் நடக்கும் விபத்துகளுக்காகவே வைத்தது அது. 'பின்செல் நிறுத்தி' என்று தொடங்கி வைக்கிறேன். ஆனால் நிற்பது வண்டியா பிளேடா என்ற குழப்பம் அதில் இருக்கிறது. மாற்று இருந்தால் எழுதுங்கள்.